“ஹரி, ஹரி” என்று தலையாட்டாதீர்கள்

கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலை கிளினிக்கில் நான் வேலை செய்த காலம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வருவார். இதய வால்வு மாற்றியவர் என்பதால் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசையை ஆயுள் முழுக்கப் போடவேண்டும். ஒருநாள், பல் விளக்கினால் இரத்தம் நிற்கவில்லை என்று வந்தார். இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 7ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு அது 3ஐ ஒட்டி இருக்கவேண்டும். வாட்டில் அனுமதித்துவிட்டுக் காரணத்தைத் தேடினோம். ஒருநாள் 3 மில்லிகிராம், மறுநாள் 5 மில்லிகிராம் என்று மாறி மாறிப் போடச் சொல்லியிருக்கிறார்கள், சிங்களத்தில். அம்மாவோ தினமும் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

“விளங்கலையா அம்மா, திருப்பிக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா ஏசுவாங்க டொக்டர். ஹரி ஹரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

சொன்னவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே நூறு பேர் கதிரையில் இருக்கும்போது ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். நானும் அந்த அவசரத்தில் தமிழிலேயே பாதியை விழுங்கித்தான் பேசியிருப்பேன். ஆனால் சிங்களத்தில் “சரி” என்று சொல்லும் அந்த “ஹரி” இருக்கிறதே, அது உயிருக்கே உலை வைக்கும்.

நம் ஆட்களின் வாயைக் கட்டுவது இன்னொரு சொல்: இலவசம். சும்மா தருகிறார்கள், அதற்குமேல் என்ன கேட்பது என்ற கூச்சம். சவர்க்காரம் வாங்கினாலும் போனுக்கு ரீலோட் போட்டாலும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிறீர்கள். வாட்டில் தரும் குளிசையில் உங்கள் காசும் இருக்கிறது.

மொழி விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள மேல் மாகாணத்திலும் அரச அலுவலரோடு தமிழில் பேசவும் பதிலைத் தமிழில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? பத்து வயதுப் பேரன் மொழிபெயர்க்கிறான். சிங்களப் பாடசாலைக்குப் போகிற பிள்ளை, கெட்டிக்காரன்தான். ஆனால் அம்மம்மாவுக்கு இரத்தப்போக்கு எத்தனை நாளாக இருக்கிறது என்று அவனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னால் அவள் என்ன சொல்வாள்? “ஒண்ணுமில்ல, இடுப்பு வலின்னு சொல்லு” என்பாள். அந்த இடுப்பு வலியோடு ஆறு மாதம் போகும். இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். பெண்கள் சம்பந்தப்பட்ட வருத்தமென்றால் வயது வந்த பெண் ஒருத்தியைக் கூட்டிப் போங்கள். அதுவும் முடியாவிட்டால் “தமிழ் தெரிந்த மிஸ் யாராவது இருக்கிறார்களா” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் இருப்பார். கேட்டால்தான் வருவார்.

மருந்து கவுண்டரில் தரும் பையில் உதே, ரே என்று சிங்களத்தில் கிறுக்கியிருக்கும். கையில் ஒரு பேனா கொண்டுபோய், அங்கேயே நின்று காலை, இரவு என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் தாள் வேறு விஷயம். வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நான் சொல்லமாட்டேன். என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காக உங்களுக்கு வைத்தியம் பார்க்காமல் விட முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன வருத்தம், என்ன வைத்தியம் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட் கேட்டு வாங்குங்கள். (தயவுசெய்து அதை லெமினேட் பண்ணாதீர்கள், எங்களுக்கு அதில் எழுத இடமிருக்காது. போட்டோக்கொப்பி எடுத்து வைத்தால் போதும்.) வாட்டில் எழுதிய முழுக் குறிப்பும் தேவையானால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். அடுத்தவரின் மருத்துவக் குறிப்பு என்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அதுவும் சரிதான். மச்சான் கேட்டான் என்று என் ரிப்போர்ட்டைத் தூக்கிக் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா?

குறை இருந்தால் முதலில் பணிப்பாளருக்கு எழுதுங்கள், தமிழிலேயே. திகதி, வாட்டு இலக்கம், நடந்தது என்ன என்பது மட்டும் போதும், வசவு வேண்டாம். மொழி தொடர்பானது என்றால் ராஜகிரியவில் அரச கரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாட்டுக்கென்று அறிமுகப்படுத்திய தொலைபேசி இலக்கம் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். யார் தேர்ந்தெடுத்தார்களோ!

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அப்புறம் கிளினிக்குக்கு ஒரு சதுரக்கோடு கொப்பியோடு வர ஆரம்பித்தார். ஞாயிறு 3, திங்கள் 5 என்று எழுதி, என் முன்னால் விரித்து வைத்து, “டொக்டர், சரியான்னு பார்த்துச் சொல்லுங்க” என்பார். நான் பார்த்து முடியும்வரை கதிரையை விட்டு எழும்பவே மாட்டார்.