நாத்திகம்: 'இல்லை' என்பது எதை?

'நாத்திகம்' வடசொல். ந + அஸ்தி = நாஸ்தி, அதாவது 'இல்லை'. இல்லை என்பவன் நாஸ்திகன். புஸ்தகம் 'புத்தகம்' ஆனதுபோல இது தமிழில் 'நாத்திகன்' ஆயிற்று. 'எல்லாம் நாஸ்தி ஆயிடுச்சு' என்று பேச்சில் வருவதும் இதே சொல்தான். நீரில் கரைக்கிற 'அஸ்தி' வேறு. அது எலும்பைக் குறிக்கும் வடசொல். அங்கே வரும் தகர ஒலியும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் குழப்பம்.

இந்தச் சொல்லுக்குள் கடவுள் எங்குமே இல்லை. இல்லை என்கிறான், சரி, எதை? வடமொழி இலக்கணம் வகுத்த பாணினியின் சூத்திரம் (4.4.60) 'உண்டு', 'இல்லை' என்ற கருத்துடையவர்களைச் சொல்கிறது, எதை என்று சொல்வதில்லை. 'மறுமை' என்ற பொருளை வருவித்துக்கொண்டது உரைதான். மனுநூல் (2.11) வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்கிறது. இந்த அளவுகோலால்தான், வேதத்தை ஏற்றுப் படைப்புக் கடவுளை ஏற்காத மீமாம்சைத் தத்துவம் ஆத்திகம் ஆனது, பௌத்தமும் சமணமும் நாத்திகம் ஆயின. பழைய நூல்களில் 'நாத்திகர்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'கடவுளை மறுப்பவர்' என்று பொருள் எழுதுவது பிழை என்பது இதனால்தான்.

தமிழ் இந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. 'உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்' (குறள் 850; அலகை என்றால் பேய்). உண்டு, இல் என்பவை அஸ்தி, நாஸ்திக்கு நேர் இணை. குறளும் எதை என்று பெயர் சொல்லவில்லை. கடவுள், மறுபிறப்பு, இருவினைப்பயன் என்று பட்டியலிடுவது பரிமேலழகர் உரை. மணிமேகலையில், பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்னும் பூதவாதி பேசுகிறான். சைவ நூலான சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கம் உலோகாயதனோடு தொடங்குகிறது. உலோகாயதம் என்பது பொருள்முதல் தத்துவம் ஒன்றின் பெயர், பொதுச்சொல் அன்று.

இன்றைய பொருளுக்குத் தமிழில் என்ன எழுதலாம்? கிரேக்க 'அதெயோஸ்' கடவுள் அற்றவன் என்ற பொருளது; ஆங்கில 'ஏதியிசம்' அந்த வழியில் வந்தது. வாதாடி மறுப்பவரின் நிலைக்குக் 'கடவுள் மறுப்பு' என்பதே தெளிவு. மறுக்கவும் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்ற நிலைக்கு 'இறைநம்பிக்கையின்மை' பொருந்தும். நீளம்தான், ஆனால் மறுப்பு என்ற பழியை ஏற்றாது. இருக்கிறாரா என்று அறியவே முடியாது என்பது மூன்றாம் நிலை. 1869இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி இதற்காக உருவாக்கிய 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லுக்கு 'அறியவொணாவாதி' பொருத்தம். 'ஐயவாதி' என்று எழுதினால் எதையும் ஐயுறும் வேறொரு கொள்கையோடு போய் ஒட்டிக்கொள்ளும். 'பகுத்தறிவு' எண்ணும் முறையைச் சொல்வது, முடிவைச் சொல்வதன்று. 'ஆன்மிகம்' நாத்திகத்தின் எதிர்ச்சொல்லும் அன்று; எதிர்ச்சொல் ஆத்திகம்.

இந்த வேறுபாடு புள்ளிவிவரத்தில் கைவைக்கும்போது உறைக்கும். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர் ஏறத்தாழ 28.7 லட்சம் (0.24%). இதை '28 லட்சம் நாத்திகர்' என்று எழுதிவிடுகிறார்கள். தம்மை நாத்திகர் என்றே பதிவு செய்தவர் ஏறத்தாழ 33,000 பேர்தான். குறிப்பிடாமை, மதமின்மை, கடவுள் மறுப்பு மூன்றும் மூன்று.

கேள்வியின் சொற்களும் எண்ணை மாற்றும். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பு 'உங்கள் மதம் எது?' என்று கேட்கிறது. ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்ற தொனி அதிலேயே இருக்கிறது. 2011இல் கால்வாசிப் பேர் மதமில்லை என்றார்கள். 'எந்த மதத்தையாவது சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?' என்று கேட்கும் பிரித்தானிய ஆய்வில் அதே காலத்தில் அது பாதியை நெருங்கியது. அமெரிக்காவில் பியூ என்ற ஆய்வு மையத்தின் 2014 ஆய்வில் மதம் சாராதவர் 22.8%, நாத்திகர் என்று சொன்னவர் 3.1% மட்டுமே. அந்த 3.1 விழுக்காட்டினரிலும் 8% பேர் கடவுளையோ பிரபஞ்ச சக்தியையோ நம்புவதாகச் சொன்னார்கள்!

வெளியே சொல்லக் கூசுபவரை எண்ண ஒரு வழி உண்டு. ஆட்களை இரு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சாதாரண வாக்கியங்கள் சிலவற்றைத் தருவார்கள். மறு குழுவுக்கு அவற்றோடு கடவுள் நம்பிக்கை பற்றிய வாக்கியம் ஒன்று கூடுதல். எது பொருந்தும் என்று யாரும் சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்று எண்ணைச் சொன்னால் போதும். இரு குழுக்களின் சராசரி வித்தியாசமே விடை. 2018இல் ஜெர்வைஸ், நாஜ்லே என்ற ஆய்வாளர்கள் இம்முறையில் அமெரிக்காவில் நம்பிக்கையற்றோர் 26% இருக்கலாம் என்று கணித்தார்கள். பிழைவரம்பு அகலம் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே கணக்கில் வந்தது நம்பாதவர் எண்ணிக்கை. தமிழில் தரும்போது 'நாத்திகர் 26%' என்று தலைப்பிட்டால், தம்மை அப்படி ஒருநாளும் அழைத்துக்கொள்ளாதவருக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.