வேர்ச்செடி: ஒட்டுக்குக் கீழே இருப்பது

"ஏனுங்கண்ணா, ஒட்டு மாங்கன்னு வெச்சு ரெண்டு வருசமாச்சுங்க, இலை நுனியெல்லாம் கருகுதுங்க." வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டக்காரர் சொன்னது. போய்ப் பார்த்தேன். சொட்டுநீர் நனைக்கிற வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. போர் தண்ணி. அவர் குறை சொன்னது இமாம் பசந்த் ரகத்தை. ஆனால் இமாம் பசந்த் இருப்பது ஒட்டுக்கு மேலேதான். தண்ணியை உறிஞ்சுவது கீழே இருக்கிற வேறொரு செடி.

அந்தக் கீழ்ச்செடிதான் 'ரூட்ஸ்டாக்'. ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்றால் முதலில் அடிமரம், கட்டை. திருப்பூர் குடோனில் "ஸ்டாக் இருக்குதுங்களா" என்று கேட்பதும் அதே சொல்தான். தமிழுக்கும் இது புதிதில்லை: மரத்தின் அடியும் முதல், தொழிலில் போட்ட பணமும் முதல். மூலதனத்தில் இருக்கும் 'மூலம்' வடமொழியில் வேர்.

தமிழில் இதற்கு வேளாண் நூல்கள் வழங்கும் 'வேர்ச்செடி' நல்ல சொல். சிலர் 'வேர்த்தண்டு' என்று எழுதிவிடுகிறார்கள். அது ஈரோட்டு மஞ்சளுக்குப் பொருந்தும், மாங்கன்றுக்குப் பொருந்தாது. வேர்ச்செடி மேல் வைத்துக் கட்டுவது ஒட்டுக்குச்சி.

அடுத்தது 'சால்ட் டாலரன்ஸ்'. 'உப்புச் சகிப்புத்தன்மை' என்று படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். செடி பொறுமையாக உட்கார்ந்து சகிக்கவில்லை, வேலை செய்கிறது. நல்ல வேர்ச்செடி சோடியத்தையும் குளோரைடையும் வேரிலேயே மறித்து, இலைக்குக் குறைவாக அனுப்புகிறது. ஆகவே 'தாங்குதிறன்'.

எதைத் தாங்குவது என்பதிலும் தமிழ் கறாரானது. கரையும் உப்பு மிகுந்தது உவர். மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இது ஏறும்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போகும். மண்துகளில் சோடியம் ஒட்டி இறுகிக் கிடப்பது களர். கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டும். கல்லாதவரைக் குறள் "பயவாக் களரனையர்" என்கிறது, உவர் என்று சொல்லவில்லை. உவரை நல்ல தண்ணி விட்டுக் கழுவலாம், களருக்கு ஜிப்சம் வேண்டும். மேலே சொன்ன தோட்டத்தில் இருப்பது உவர். அங்கே வேண்டியது உவர் தாங்கும் வேர்ச்செடி.

அப்படிச் செடிகள் உண்டு. திராட்சைக்கு டாக்ரிட்ஜ். எலுமிச்சை இனத்துக்குக் கிளியோபாட்ரா மாண்டரின், ரங்பூர் எலுமிச்சை. குளோரைடை மறிப்பதில் இரண்டும் கெட்டி. மாவுக்கு இஸ்ரேலில் தேர்ந்தெடுத்த '13-1' என்ற வேர்ச்செடி. தாங்குதிறன் மரத்துக்கு மரம் மாறும்: பாதாமுக்கு மண் சாற்றில் 1.5 டெசிசீமன்ஸ் தாண்டினாலே விளைச்சல் குறையும். பேரீச்சை 4 வரை அசையாது. ஆனால் பேரீச்சைக்கும் நம் பொள்ளாச்சித் தென்னைக்கும் வேர்ச்செடி என்ற பேச்சே இல்லை: ஒருவித்திலைத் தாவரத்தில் ஒட்டு பிடிக்க வளர்திசு வளையம் கிடையாது. சப்போட்டாவைப் பாலை மரத்தில் ஒட்டுகிறோமே, அதுவும் வேர்ச்செடிதான். பால் வடிவதால் பாலை.

நாற்றுப்பண்ணைக்கு அந்தத் தோட்டக்காரரோடு போனேன். கன்றுக்குக் கன்று அட்டை தொங்குகிறது: இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, மல்லிகா. "அடியில என்ன செடிங்க?" என்று கேட்டேன். பண்ணையில் வேலை செய்யும் பையன் கன்றுப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நாட்டு மாங்கொட்டைதானுங்க. எந்தக் கொட்டைன்னு யாருக்குங்க தெரியும்?"