செல்வாக்காளர்: வாக்கா, வாகா?

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்க்க வந்தது. தலைப்பு இப்படி: 'ஆரோக்கிய செல்வாக்காளர்களின் தோற்றமும் உணவு சமூகங்களும்'. ஏதோ இனவரலாற்றுக் கட்டுரை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நாலு பத்தி தாண்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ, பாலைக்கூடத் தொடாத வீகன், கறி மட்டுமே தின்கிற கார்னிவோர் என்று இணையத்தில் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்களே, அந்தந்தக் கூட்டத்தின் இன்ஃப்ளூயன்சர் பார்க்க எப்படி இருக்கிறார் என்பதை வைத்து அந்த உணவுமுறையையே எடைபோடுகிற வழக்கத்தைப் பற்றியது. தலைப்பில் ஐந்தே சொல். அதில் 'உணவு' ஒன்றுதான் தப்பித்தது, அதுவும் குற்றுயிராக.

இன்ஃப்ளூயன்சருக்குத் தமிழாகப் போடுகிற இந்தச் 'செல்வாக்காளர்' கொஞ்ச நாளாகவே காதைக் குடைகிறது. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஜிம் திறப்பு விழா ஃபிளெக்ஸில் 'பிரபல உடல்நல செல்வாக்காளர் வருகை தருகிறார்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று படித்த ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார்: "எந்தக் கட்சிங்க?" அவர் மேல் தப்பில்லை. தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார்.

மூலத்தைச் சட்டென்று பார்த்துவிடலாம். இன்ஃப்ளூயன்ஸ் லத்தீன் வழி வந்த சொல். 'உள்ளே பாய்தல்' என்று பொருள். நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒன்று வழிந்து வந்து மனிதரின் குணத்தையும் விதியையும் ஆட்டிவைக்கிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். இத்தாலியர் அதே சொல்லைக் கொள்ளைநோய்க்கும் சொல்ல, அங்கிருந்து இன்ஃப்ளூயன்சா வந்தது. ஆக, இன்ஃப்ளூயன்சரும் ஃப்ளூ காய்ச்சலும் பங்காளிகள். நம் சோதிடத்தில் இந்தச் சங்கதிக்குப் பெயர் பார்வை: குரு பார்வை, சனி பார்வை. அங்கே கிரகம் நம்மைப் பார்க்கும். போனில் நாம் கிரகத்தைப் பார்க்கிறோம், லட்சக்கணக்கில்.

இனி செல்வாக்கு. செல் + வாக்கு. ஒருவருடைய வாக்கு நாலு பேர் நடுவில் செல்லுபடியானால் அவருக்குச் செல்வாக்கு. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்; ஏறுகிற சொல் யாருடையதோ அவர்தான் செல்வாக்குள்ளவர். இலக்கணத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. பேச்சாளர், எழுத்தாளர் மாதிரி 'ஆளர்' ஒழுங்காகத்தான் ஒட்டியிருக்கிறது. (தனித்தமிழ் என்று இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: வாக்கு வடசொல். எனக்கு அதில் வருத்தமில்லை, அவர்களுக்கு இருக்க வேண்டும்.) என் சண்டை பொருளோடுதான். செல்வாக்கு ஊருக்குள் விளைவது. பணத்தாலோ பதவியாலோ நாலு பேருக்குச் செய்த உதவியாலோ வருஷக்கணக்கில் சேர்வது. பெண் கொடுக்கலாமா, நிலம் வாங்கலாமா என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவர் ஒல்லியா குண்டா, தோல் பளபளக்கிறதா என்று ஒருவரும் பார்த்ததில்லை. படுக்கையில் கிடந்தாலும் அவர் வாக்கு செல்லும்.

இணையத்து உணவுக் கூட்டத்தில் கதையே தலைகீழ். வாக்கு அங்கே இரண்டாம்பட்சம், உடல்வாகுதான் முதல். ஆதரிக்கிறவர் வயிற்றுத் தசையைக் காட்டி ஆதரிக்கிறார், எதிர்க்கிறவர் கன்னத்துக் குழியைக் காட்டி எதிர்க்கிறார். வாகை வைத்துப் பிழைக்கிறவருக்கு வாக்கை வைத்துப் பெயர் சூட்டினால் எப்படி?

என் தங்கை வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு மாதமாக பேலியோ, அதாவது ஆதிமனிதன் சாப்பாடு என்று சொல்லித் தானியத்தை ஒதுக்குகிற உணவுமுறை. சாயங்காலம் தட்டுவடை செட் கடைக்குக் கூட்டிப்போனால், "தட்டுவடை இல்லாம ஒரு செட்டு" என்று கேட்கிறார். கடைக்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, பீட்ரூட், கேரட் துருவலையும் சட்னியையும் மட்டும் தட்டில் வைத்து நீட்டுகிறார். காசு மட்டும் முழுசாக. அன்றைக்கு நின்றபடியே போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மச்சான், இவரைப் பாருங்க, வீகன். கன்னம் ஒட்டி, கண்ணு குழி விழுந்து கெடக்குது. இப்ப இவரைப் பாருங்க, கறி மட்டும்தான் திங்கறாராம். மூஞ்சி எப்படிச் செவசெவன்னு இருக்குது! இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும்?"

"அவர் வெள்ளைக்காரர் மாப்ள. பச்சைத்தண்ணி குடிச்சாலும் செவப்பாத்தான் இருப்பார்."

அமெரிக்காவில் 'லிவர் கிங்' என்று ஒருவர். பச்சை ஈரலைக் கடித்துத் தின்று, மலை மாதிரி உடம்பைக் காட்டி, எல்லாம் ஆதிமனிதன் சாப்பாட்டால் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2022 டிசம்பரில் ஸ்டீராய்டு போட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அது அவர் ஒருத்தர்" என்றார். சரி, இன்னொன்று. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யூட்கின். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்குப்படி இருவருக்கும் ஒரே எண், 22.3. பார்க்கவும் இருவரும் ஒடிசலானவர்கள்தான். உடம்பிலிருந்த கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊரில் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறவருக்குச் சர்க்கரை வருவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரை அளவும் ஈரல் கொழுப்பும் கன்னத்தில் எழுதியிருக்காது. அப்புறம், அந்த உணவு ஒத்துக்கொள்ளாமல் முடி கொட்டிப்போனவர் ரீல்ஸ் போடுவதில்லை. சத்தமில்லாமல் கூட்டத்தை விட்டுப் போய்விடுகிறார். மிச்சமிருக்கிற பளபளப்பான முகங்களைத்தான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பழைய ஆட்கள் இதற்கு ஒரு வரி வைத்திருந்தார்கள்: ஆளைக் கண்டு மயங்காதே, ஊதுகாமாலை. மேனி தளதளவென்று இருக்கிறதே என்று பார்த்தால் அது நோயின் வீக்கம். ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தானும் கடைப்பிடிக்கிறாரா என்று பார்ப்பதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. அது அவருடைய நாணயத்தைச் சொல்லும். சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்குப் போயிருந்தேன். யாரோ ஒரு ஜோடி கொலுசு கொண்டுவந்திருந்தார். நிலா மாதிரி மின்னியது. மாப்பிள்ளை அதன் மினுமினுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு வளையத்தை வெட்டி எடுத்து, டச் பார்க்க, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று சோதிக்க, பையனிடம் கொடுத்தனுப்பினார். "மெருகு போட்டா எழுபது டச்சும் மின்னும், தொண்ணூறு டச்சும் மின்னும் மச்சான். மின்னறதை வெச்சு வெலை போட்டா பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்."

"போன்ல இருக்கிறவருக்கு டச் பார்த்தீங்களா?"

"கொலுசைக் காசு குடுத்து வாங்கறேன். அவரைச் சும்மாத்தானே பார்க்கறேன்."

தலைப்புக்குத் திரும்புகிறேன். 'ஆரோக்கியக் குழந்தை' என்றால் ஆரோக்கியமான குழந்தை. அப்படியானால் ஆரோக்கியச் செல்வாக்காளர்? ஆரோக்கியமான செல்வாக்காளர்! ஆங்கிலத்தில் அந்த முன்னொட்டு அவர் பேசுகிற பொருளைச் சொல்கிறது. தமிழில் அதுவே அவருடைய உடல்நிலைச் சான்றிதழாகிவிட்டது. யாரும் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் மொழிபெயர்ப்பாளர். சான்றிதழைப் படித்த வாசகர் ஆளை ஏற இறங்கப் பார்க்காமல் என்ன செய்வார்? நடுவில் வரவேண்டிய 'ச்' எங்கே போனது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

'தோற்றம்' இன்னும் மோசம். காவிரியின் தோற்றம் என்றால் அது பிறக்குமிடம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் மறைவு. 'செல்வாக்காளர்களின் தோற்றம்' என்று படித்ததும் கண் தன்னால் மறைவு தேதியைத் தேடியது. உடல்வாகு என்று போட்டால் குழப்பமே இல்லை. அடுத்து 'சமூகம்'. கீட்டோ சமூகம், வீகன் சமூகம் என்று எழுதுகிறவர்கள் சேலம் மாவட்டத்தில் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும். இங்கே சமூகம் என்றால் சாதி. 'கார்னிவோர் சமூகத்தினர்' தாலுகா அலுவலகத்தில் சான்றிதழுக்கு வரிசையில் நிற்பதுபோல் இருக்கிறது. குழு என்று எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்?

'உணவு' குற்றுயிர் என்றேன். டயட்டின் கிரேக்க மூலத்துக்கு வாழும் முறை என்று பொருள். நம் பத்தியமும் வழியைக் குறிக்கிற வடசொல்லிலிருந்து வந்ததுதான். இப்போது மருந்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஒதுங்கிவிட்டது. வள்ளுவர் 943ஆம் குறளில் 'அற்றால் அளவறிந்து உண்க' என்று தொடங்கி, 'நெடிதுய்க்கும் ஆறு' என்று முடிக்கிறார். ஆறு என்றால் வழி. மூன்று மொழியும் ஒரே தடத்தில் வந்திருக்க, வெறும் உணவு எதற்கு? உணவுமுறை.

சரி, இன்ஃப்ளூயன்சருக்கு என்ன சொல்? 'தாக்கம் ஏற்படுத்துபவர்' என்கிறார்கள் சிலர். வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம், காய்ச்சலின் தாக்கம் என்று செய்தித்தாளே அடி வாங்கிக் கிடக்கிறது. இவரும் வந்து தாக்க வேண்டுமா? (ஃப்ளூவின் பங்காளி என்பதால் கொஞ்சம் பொருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன்.) 'பிரபலம்' என்பது சினிமாக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்த சொத்து. நான் 'ஈர்ப்பாளர்' என்று எழுதுகிறேன். அவர் தன் பக்கம் இழுக்கிறார், அவ்வளவுதான். சொன்னது சரியா, உடம்பு தேறியதா என்று அந்தச் சொல் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கோள்களின் ஈர்ப்பும் உள்ளே இருப்பதால் பழைய நட்சத்திர வாசனையும் போகவில்லை. பேச்சில் இன்ஃப்ளூயன்சர் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும், யாரையும் தடுக்க மாட்டேன்.

தலைப்பை 'உணவுமுறைக் குழுக்களும் ஈர்ப்பாளர்களின் உடல்வாகும்' என்று திருத்தி, காரணங்களை ஓரத்தில் எழுதி அனுப்பினேன். நேற்று இறுதிப்படி வந்தது. உடல்வாகு இருக்கிறது, குழு இருக்கிறது. ஈர்ப்பாளர் இருந்த இடத்தில் 'தாக்குநர்' என்று இருக்கிறது.