பாணிக்கிரகணம்: எதைப் பிடித்தது?

பாம்பனில் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ‘பாணிக்கிரகணம் செய்துகொடுப்பதாய்’ என்ற இடம் வந்ததும் கையமர்த்தினார். “கல்யாணத்தன்னைக்கா கிரகணம்? வேற நாளே கெடைக்கலையா?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் கரையில் கிரகணம் என்றால் ராமேசுவரத்தில் கோயில் நடை சாத்துவார்கள், அக்னி தீர்த்தத்தில் கூட்டம் முங்கி எழும். ஆனால் அப்பத்தா தெரியாமலே சொல்லின் வேரைத் தொட்டுவிட்டார். இரண்டும் ஒரே கிரகணம்தான்.

வடமொழியில் பாணி என்றால் கை. சக்கரத்தைக் கையில் ஏந்தியவர் சக்கரபாணி, தண்டத்தை ஏந்தியவர் தண்டபாணி. ‘க்ரஹ்’ என்ற வினையடிக்குப் பிடித்தல் என்று பொருள். அதிலிருந்து வந்தது கிரகணம். ராகு நிலவைப் பிடித்தால் சந்திர கிரகணம், மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்தால் பாணிக்கிரகணம். நாமோ ‘கிரகணம் பிடிச்சிருக்கு’ என்கிறோம். பிடித்தல் பிடித்திருக்கிறதாம்!

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைக்காரர்கள் இப்போது ‘கரம்பற்றும்’ என்று அச்சடிக்கிறார்கள். தனித்தமிழ் என்று நினைப்பு. ஆனால் கரமும் வடசொல்தான். ‘கைப்பற்றுதல்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது படையும் போலீசும் செய்கிற வேலை. ஆண்டாள் ‘கைத்தலம் பற்ற’ என்று பாடினாள். பாட்டுக்கு அது அழகு. புழக்கத்துக்குக் ‘கைப்பிடித்தல்’ போதும். “நல்லவன் கையில பிடிச்சுக் குடுக்கணும்”, “கைப்பிடிச்ச புருசன்” என்று வீட்டில் அன்றாடம் புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு வேறு எங்கே தேடுவது?

இந்தச் சொல்லைச் சிற்பிகள் அப்படியே கல்லிலும் செம்பிலும் வடித்திருக்கிறார்கள். சிவன் உமையை மணக்கும் கோலத்துக்குக் கல்யாணசுந்தரர் என்று பெயர். தாலியையோ மாலையையோ அல்ல, கையைத்தான் அவர்கள் நடுவில் வைத்தார்கள். தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டுச் செப்புத்திருமேனி 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. சிவனுக்கு நான்கு கைகள். பின்னிரு கைகள் கடவுளுக்கு, முன் வலக்கை மாப்பிள்ளைக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வலக்கை உமையின் வலக்கையைப் பிடித்திருக்கிறது. உமை தலையைச் சற்றே தாழ்த்தி நிற்கிறாள். பின்னால் திருமகள், “போம்மா” என்பதுபோல அவளை மெல்ல முன்னே நகர்த்துகிறாள். நம் வீட்டு மணவறையில் நாத்தியோ அத்தையோ செய்கிற காரியம்தான்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் அதிகம் பார்த்தது மதுரைச் சிற்பத்தை. மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் நடுவே மீனாட்சி, ஒருபுறம் மாப்பிள்ளை, மறுபுறம் தாரை வார்க்கும் அண்ணன் திருமால். ராமேசுவரத்து ஆடித் திருக்கல்யாணத்தைத் தவறவிடாத அப்பத்தாவையும் அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். அவர் சாமி முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். “பொண்ணு கையி எப்படித் தளர்ந்து கெடக்கு பாரு, வெக்கத்துல” என்றார். கருங்கல்லில் தளர்ச்சி! நான் அதுவரை கவனித்ததே இல்லை.

பத்திரிகையில் என்ன போட்டோம் என்கிறீர்களா? நானூறு பிரதி ஏற்கெனவே அச்சாகிவிட்டது. பாணிக்கிரகணமேதான்.