ஹீமோஃபிலியா உள்ள பிள்ளை விளையாடலாம்: எப்போது, எதை, எப்படி?

ரத்தம் சரியாக உறையாத பிறவி நோயான ஹீமோஃபிலியா என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் பறிபோவது பந்துதான். ஓடாதே, குதிக்காதே, சைக்கிளைத் தொடாதே. பயத்தில் சொல்வது அது, பயத்தில் நியாயமும் இருக்கிறது; மருந்து கைக்கு எட்டாத காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் மருந்து ஒழுங்காகக் கிடைக்கிற பிள்ளையையும் உட்காரவைத்தே வளர்த்தால், எந்த மூட்டைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அந்த மூட்டுதான் கெடும்.

ரத்தக்குழாய் கிழிந்தால் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வந்து குவிந்து ஓட்டையை அடைக்கும். அது தற்காலிக அடைப்புதான், அதன்மேல் ஃபைப்ரின் இழைகள் வலையாகப் பின்னிக்கொண்டால்தான் நிலைக்கும். அந்த இழைகள் உருவாகப் பல புரதங்கள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். அதில் ஃபேக்டர் 8 என்ற புரதம் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஃபேக்டர் 9 குறைந்தால் பி. குறைகிற ஃபேக்டரை ஊசியாகப் போடுவதுதான் முக்கிய மருந்து. இவற்றின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது. ஏ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. இவர்களுக்கு ரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டுவதில்லை, நிற்காமல் நீண்ட நேரம் கசிகிறது, நின்றது போலிருந்து மறுபடி தொடங்குகிறது.

அதனால் முழங்காலில் தோல் சிராய்ந்ததற்கெல்லாம் பதற வேண்டாம், அழுத்திப் பிடித்தால் நிற்கும். பயப்பட வேண்டியது வெளியே தெரியாத ரத்தத்துக்கு, முக்கியமாக முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் கசிவதற்கு. மூட்டின் உட்சவ்வில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஏராளம். கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து அந்தச் சவ்வில் படிந்து அதைத் தடிக்கவைக்கும், தடித்த சவ்வில் புதுக் குழாய்கள் முளைக்கும், அவை இன்னும் எளிதாக உடையும். ஒருமுறை கசிந்த மூட்டே திரும்பத் திரும்பக் கசிவதும், கடைசியில் குருத்தெலும்பு தேய்வதும் இப்படித்தான்.

இதில் தசைக்கு என்ன வேலை? குதித்து இறங்கும்போது வரும் அதிர்ச்சியில் பெரும்பங்கைத் தொடையின் முன்தசை வாங்கிக்கொள்கிறது. முழங்காலில் கசிந்தால் வலி, வலித்தால் பிள்ளை காலை நீட்டாது, நீட்டாத கால் சீக்கிரமே மெலியும். மெலிந்த தசை தாங்காததை மூட்டு தாங்கவேண்டி வரும், அப்புறம் சும்மா நடந்தாலே அடுத்த கசிவு. நடமாட்டம் குறைந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். விளையாட்டு இவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, சிகிச்சையில் ஒரு பங்கு என்றே நான் சொல்வேன்.

ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் ஹீமோஃபிலியா உள்ள 104 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆய்வில், மோதல் தவிர்க்கவே முடியாத விளையாட்டுகளுக்குப் பிறகு கசிவு வரும் வாய்ப்பு, நீச்சல் போன்றவற்றோடு ஒப்பிட்டால் சுமார் 3.7 மடங்கு. ஆனால் அந்தக் கூடுதல் ஆபத்து சில மணி நேரத்துக்குத்தான். ரத்தத்தில் ஃபேக்டர் அளவு (சாதாரண அளவை 100 என்று வைத்து) 1 சதவீதம் கூடினால் கசிவு 2 சதவீதம் குறைந்ததையும் அதே ஆய்வு காட்டியது. அதாவது என்ன விளையாடுகிறான் என்பதோடு, ஊசி போட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் பார்க்கவேண்டும்.

ஃபேக்டர் 8 ஊசி போட்டதும் காலை 7 மணிக்கு அளவு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும் என்றால் மாலை 5 மணிக்கு 25, மறுநாள் மதியம் 6 சொச்சம், மூன்றாம் நாள் காலை 9 மணிக்கு 1.6, அன்று இரவுக்குள் 1 சதவீதத்துக்கும் கீழே, அது கடுமையான ஹீமோஃபிலியாவின் எல்லை. (சிறு பிள்ளைகளுக்கு இன்னும் வேகமாக இறங்கும், ஃபேக்டர் 9 மெதுவாக.) அதே பந்து, அதே மைதானம், முதல் நாள் காலையும் மூன்றாம் நாள் மாலையும் ஒன்றல்ல. ஊசி போடும் நாளையும் பயிற்சி நாளையும் சேர்த்துவைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், பல சமயம் அது ஒன்றே பெரிய வித்தியாசம் தரும். ஏ வகைக்கு வந்துள்ள எமிசிசுமாப் தோலுக்கடியில் போடும் ஊசி, ஃபேக்டர் 8 செய்கிற வேலையைச் செய்யும், இப்படி ஏறி இறங்காது. ஆனால் அடிபட்டால் தனியாக ஃபேக்டர் தேவைப்படலாம். ஃபேக்டருக்கு எதிர்ப்பான் (ஊசியில் போகும் ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் உடலே உருவாக்கும் புரதம்) உருவான பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு.

நீச்சல், நடை, சைக்கிள், பூப்பந்து பெரும்பாலும் சரி. கால்பந்து, கூடைப்பந்து மூட்டின் நிலையைப் பொறுத்தது. குத்துச்சண்டை, ரக்பி, மல்யுத்தம் வேண்டாம், இதில் சமரசம் இல்லை. கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள பிரிட்டன் சைக்கிள் வீரர் அலெக்ஸ் டௌசெட் 2015இல் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். எல்லாப் பிள்ளையும் அப்படி ஓட்டவேண்டும் என்பதில்லை, முடியாது என்று முன்கூட்டியே நாம் முடிவுகட்ட வேண்டாம்.

பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள். மூட்டில் வீக்கம் தெரியும் முன்பே பிள்ளைக்குக் குறுகுறுப்பு, சூடு, இறுக்கம் தெரியும்; 'ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னால் ஆட்டத்தை நிறுத்தி ஃபேக்டர் போடவேண்டும், வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் கொடுக்காதீர்கள், அவை தட்டணுவின் வேலையையும் கெடுக்கும். தலையில் பலமாக அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன்.

கசிவு நின்று வலி போனதும் பிள்ளை மைதானத்துக்குத் துடிக்கும். வலி போனது மட்டும் போதாது. இரண்டு முழங்காலும் ஒரே அளவு மடங்கி நீள்கிறதா, வீக்கம் முழுக்க வடிந்ததா என்று பாருங்கள், டேப்பை வைத்து இரண்டு தொடையின் சுற்றளவையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். அடிபட்ட பக்கம் மெலிந்திருந்தால் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியில் தசை தேறும்வரை பந்து காத்திருக்கட்டும்.