பழைய லேத்: எந்தத் தேய்மானம் ஜாபில் தெரியும்?

கோவையில் ஏதாவது ஒரு பட்டறையில் பழைய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) விலைக்கு வந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில், வெட்டும் உளியான டூலை நகர்த்தும் குறுக்கு ஸ்லைடின் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார்கள். கால் சுற்று வரை டூல் நகராமல் கைப்பிடி மட்டும் சும்மா சுழன்றால் முகம் சுருங்கிவிடும். உண்மையில் அந்த இயந்திரத்திலேயே மிக மலிவாகத் தீரும் கோளாறு அதுவாகத்தான் இருக்கும். திருகின் மேல் ஓடும் கன்மெட்டல் நட் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்று கடைந்து போட்டுவிடலாம். டர்னர்களும் எப்போதும் ஒரே திசையில் திருப்பி அளவு வைப்பதால், அந்த பேக்லாஷ் (வெற்றுச் சுழற்சி) ஜாபின், அதாவது கடையும் பொருளின், அளவைப் பெரிதாகத் தொடுவதில்லை.

கவனிக்க வேண்டிய இடம், ஜாபைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்கு அருகிலுள்ள பெட், அதாவது லேத்தின் அடித்தளப் படுகை. ஆறடி லேத் என்றாலும் அன்றாட ஜாப்களில் பெரும்பாலானவை குட்டையானவை. டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடில் தன் ஆயுளின் பெரும்பகுதியைச் சக்கிலிருந்து ஓரடிக்குள்ளேயே கழிக்கிறது. வார்ப்பிரும்பின் மேல் வார்ப்பிரும்பு நகர்வதில் தவறில்லை. அதிலுள்ள கிராஃபைட் செதில்களே ஓரளவு மசகாக வேலை செய்யும். கெடுப்பது இடையில் நுழையும் தூள். சேடிலின் இரு முனைகளிலும் பெட்டைத் துடைப்பதற்கென்று கம்பளித் துண்டு வைத்திருப்பார்கள். பல பட்டறைகளில் அது எண்ணெய் காணாமல் கல்லாக இறுகி, உலோகத் துகள்களைப் பிடித்துவைத்துத் தேய்க்கும் கருவியாகவே மாறியிருக்கும். ஜாபுக்கு எமரித் தாள் போட்டு மெருகேற்றும்போது விழும் பொடி அதைவிடக் கொடியது.

இனிதான் கணக்கு சுவாரசியமாகிறது. தேய்மானத்தால் டூல் 0.1 மி.மீ. கீழே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைவது 40 மி.மீ. விட்டமுள்ள தண்டு. டூல் இறங்குவது வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில். அதனால் ஆரத்தில் வரும் மாற்றம், இறங்கிய அளவின் வர்க்கத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது: 0.01 வகுத்தல் 40, அதாவது 0.00025 மி.மீ. விட்டத்தில் அரை மைக்ரான். எந்தப் பட்டறை மைக்ரோமீட்டரிலும் தெரியாது. அதே 0.1 மி.மீ. கிடைமட்டத்தில், டர்னர் நிற்கும் பக்கமாக விலகினால் விட்டம் 0.2 மி.மீ. கூடிவிடும். நானூறு மடங்கு வித்தியாசம்.

அப்படியானால் பெட் கீழ்நோக்கித் தேய்ந்தால் கவலையில்லையா? இருபக்கமும் சமமாகத் தேய்ந்தால் கவலை குறைவுதான். ஆனால் அப்படித் தேய்வதில்லை. வெட்டும் விசையும் சேடிலின் முன்னால் தொங்கும் ஏப்ரன் பெட்டியின் எடையும் பெட்டின் முன்பக்கத் தண்டவாளத்தின் மேல்தான் அதிகம் விழுகின்றன. முன்பக்கம் கூடுதலாகத் தேய, சேடில் டர்னரை நோக்கிச் சாய்கிறது. டூல் பெட்டுக்கு மேலே 200 மி.மீ. உயரத்தில் இருந்து, இரு தண்டவாளங்களுக்கு இடையே 300 மி.மீ. இருந்தால், முன்பக்கத்தின் 0.1 மி.மீ. இறக்கம் டூலின் நுனியை ஏறக்குறைய 0.067 மி.மீ. ஜாபை விட்டு விலக்கும். விட்டத்தில் 0.13 மி.மீ. கூடும். செங்குத்தாக இருந்த தேய்மானம், சாய்வு வழியாகக் கிடைமட்டமாக மாறிவிடுகிறது. தேய்ந்த லேத்தில் சக் பக்கம் ஜாப் தடித்து வருவதற்கு இது முக்கியமான காரணம்.

இதை விற்பவரின் பட்டறையிலேயே சோதிக்கலாம். முதல் சோதனைக்கு ஒரு ஸ்பேனர் போதும். சேடிலைச் சக்குக்கு அருகே கொண்டுபோய், அடியிலுள்ள பிடிப்புத் தகடுகளைச் சற்றே உரசும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு சேடிலை, பெட்டின் மறுமுனையில் ஜாபைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் உருட்டுங்கள். நடுவழியில் கனத்து, அப்பால் நகர மறுத்தால், சக் பக்கம் பெட் மெலிந்துவிட்டது என்று பொருள். புதுப் பெயின்ட் எவ்வளவு அடித்திருந்தாலும் இது மறையாது.

இரண்டாவது சோதனைக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். 40 மி.மீ. தண்டைச் சக்கில் பிடித்து 200 மி.மீ. வெளியே நீட்டிக்கொள்ளுங்கள். டெயில்ஸ்டாக்கைத் தொட வேண்டாம், அதன் விலகலும் கணக்கில் கலந்துவிடும். தண்டில் மூன்று இடங்களில் வளையம் போல விட்டு, நடுப்பகுதிகளைக் கடைந்து ஒல்லியாக்கிவிடுங்கள். பிறகு அந்த மூன்று வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் மிக மெல்லிய கட் போட்டு அளந்து பாருங்கள். விட்டம் ஒரே சீராகக் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் சந்தேகம் முதலில் தரையின் மேல் விழ வேண்டும். மட்டம் பார்க்காமல் நிறுத்திய லேத்தின் பெட் முறுக்கிக்கொள்ளும், சேடில் போகப் போகச் சாயும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ரசமட்டத்தை பெட்டின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, காலடியில் தகடு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இப்படிப்பட்ட இயந்திரம் அடிமாட்டு விலைக்குப் போவதும் உண்டு, வாங்குபவருக்கு யோகம். மாறாக, அளவு நேர்கோட்டில் மாறாமல் சக் பக்கம் மட்டும் திடீரென்று தடித்தால் அது தேய்மானம். தகடு வைத்து அதைத் தீர்க்க முடியாது.

இத்தகைய அளவைகளை முறைப்படுத்தித் தொகுத்தவர் பெர்லினின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர். அவரது தொகுப்பு 1927இல் வெளிவந்தது. புதிய இயந்திரத்தோடு வரும் டெஸ்ட் சார்ட் எனும் சோதனைத் தாளில் இன்றும் அவர் கைவண்ணம் தெரியும். பழைய எச்.எம்.டி., கிர்லோஸ்கர் லேத்களுக்கு அந்தத் தாள் இன்னும் பத்திரமாக இருந்தால் அது பொக்கிஷம்.

சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைச் சோதிப்பவர்கள் சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து அது ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஆட்டம் சக்கின் தாடைகளுடையது. நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டிலின் உள் டேப்பரில் (கூம்புத் துளையில்) வைத்துக் கையால் சுற்ற வேண்டும், 0.01 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. பிறகு ஒரு மரக்கட்டையை நெம்புகோலாக வைத்துச் சக்கை மேலே தூக்கிப் பாருங்கள். முள் நகர்ந்து திரும்பினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. எல்லா வேகங்களிலும் ஓடவிட்டு கியர் சத்தத்தையும் கேட்டுவிடுங்கள். மும்முனை மின்சாரம் இல்லாத இடத்துக்கு வாங்குகிறவர்கள் மோட்டார் செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

“பெட் கிரைண்டிங் போட்டால் புதுசாகிவிடும்” என்று தரகர் சொல்வார். பாதி உண்மை. பெட்டைச் சீவினால் சேடில் இறங்கும், அதோடு ஏப்ரனும் இறங்கும். மரை வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூவும் அதைக் கவ்வும் ஹாஃப் நட்டும் ஒரே கோட்டில் இருக்காது. இறங்கிய உயரத்தை ஈடுகட்ட சேடிலின் அடியில் டர்சைட் போன்ற பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, ஸ்க்ரேப்பிங் செய்து (கையால் சுரண்டி) பொருத்த வேண்டும். கிரைண்டிங் கூலியை மட்டும் கேட்டுவிட்டு வாங்கினால் மிச்சச் செலவு பிறகு வந்து நிற்கும்.

பம்புக்கு 30 மி.மீ. நீளப் புஷ் கடைவதுதான் தொழில் என்றால் இவ்வளவு பயம் தேவையில்லை. அந்தச் சிறு ஓட்டத்துக்குள் பெட்டின் தேய்மானம் அதிகம் மாறாது, அளவு நிற்கும். முழு நீளத்துக்கும் ஒரே விட்டம் வர வேண்டிய உருளைகளைக் கடைகிறவர்கள்தான் தேய்ந்த பெட்டைத் தொடக்கூடாது. அனுபவமுள்ள டர்னர் அதையும் சமாளிப்பார். எந்த இடத்தில் தடிக்கும் என்று தெரிந்து டயலில் அங்கே கூடுதலாகக் கொடுத்துவிடுவார். ஆகவே விலை பேசும் முன்பு, முடிந்தால் முதலாளி இல்லாத நேரத்தில், அந்த லேத்தில் நின்று வேலை செய்தவரிடம் கேளுங்கள்: “சக் பக்கம் வரும்போது எத்தனை கோடு கூட வைப்பீர்கள், அண்ணா?”