பெயர் வருமுன்பே விலைபோன நீலச் சிலந்தி

தாய்லாந்தின் தெற்கே, அந்தமான் கடலை ஒட்டியிருக்கிறது பாங் ஙா மாகாணம். அங்குள்ள அலையாத்திக் காட்டில் அந்தச் சிலந்தியைத் தேடுவதற்குக் கடல் இடம் கொடுக்க வேண்டும். நீர் வற்றிய பொழுதில்தான் மரத்தடிக்குப் போக முடியும். கோன் கென் பல்கலைக்கழகத்தின் நரின் சோம்பூபுவாங்கும் அவருடைய குழுவினரும் மாலையிலும் இரவிலும் அப்படி நடந்து தேடினார்கள். அகப்பட்டவை இரண்டே இரண்டு. ஈரம் ஊறிய மரப்பொந்துகளில் வாழும், உடலில் மின்னல் போல நீலம் ஒளிரும் டரான்டுலாக்கள், அதாவது உடலெங்கும் மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்திகள்.

2023இல் அது ‘கைலோபிராக்கிஸ் நடானிச்சாரம்’ என்ற பெயருடன் அறிவியலுக்குள் வந்தது. ஆனால் செல்லப்பிராணியாகச் சிலந்தி வளர்ப்போரின் சந்தையில் அது முன்பே விற்பனையாகிக்கொண்டிருந்தது, ‘மின்நீல டரான்டுலா’ என்ற விற்பனைப் பெயரில். பணம் கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இரை போட்டு வளர்த்தவர்கள் இருந்தார்கள். அது எந்த இனம், இயற்கையில் எப்படி வாழ்கிறது என்று எழுதிவைத்த ஆவணம்தான் இல்லை. ஓர் உயிரைப் பார்ப்பதற்கும் அதை ‘விவரிப்பதற்கும்’ இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

முதல் கேள்வி, இது எந்தச் சிலந்திகளுக்கு உறவு என்பது. கைலோபிராக்கிஸ் என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தவர் கார்ஷ் என்ற ஜெர்மானியர். அதற்கு அடிப்படையாக அவர் வைத்தது இலங்கையில் கிடைத்த ஒரு சிலந்தியை. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கும் இந்தச் சிலந்திகள் பெரும்பாலும் மண்ணில் வளை தோண்டி, வளைவாய்க்கு வலை மெழுகிக் காத்திருப்பவை. சீண்டினால் சீறும். அந்தச் சீறல் மூச்சிலிருந்து வருவதில்லை. நச்சுப்பல்லைத் தாங்கும் தாடையின் பக்கவாட்டில் முள் போன்ற மயிர்கள் இருக்கின்றன. அதை ஒட்டிய வாயுறுப்பில் யாழ் நரம்புகளைப் போல மற்றொரு மயிர் வரிசை. இரண்டும் உரசும்போது ஒலி எழுகிறது. இந்த மயிர்கள் எத்தனை, எவ்வளவு நீளம், நுனி தடித்ததா, எந்த ஒழுங்கில் அமைந்தவை என்று நுண்ணோக்கியின் கீழே எண்ணியும் அளந்தும் பார்த்துத்தான் உறவு முறையைத் தீர்மானிக்கிறார்கள்.

பேரினம் தெரிந்துவிட்டது. இனி, இது புதிய இனம்தானா? இங்கே நிறம் நம்பகமான சாட்சி இல்லை. வயது ஏறினால் நிறம் மாறும். தோலுரிக்கும் நாள் நெருங்கினால் மங்கும். உடலின் அளவும் கிடைத்த இரையைப் பொறுத்தது. ஆகவே சிலந்தி ஆய்வாளர்கள் இனப்பெருக்க உறுப்புகளைத்தான் நாடுகிறார்கள்.

ஆண் சிலந்தியின் ஏற்பாடு விசித்திரமானது. விந்து சுரப்பது வயிற்றில். அதைப் பெண்ணிடம் சேர்ப்பதோ முகத்துக்கு அருகில் இருக்கும் குட்டைக் கால்கள். ஆண் முதலில் ஒரு சிறு வலை பின்னி, அதில் விந்துத் துளியை விடுகிறது. பிறகு அந்தக் குட்டைக் கால்களின் நுனியில் உள்ள குமிழுக்குள் அதை உறிஞ்சி ஏற்றிக்கொண்டு பெண்ணைத் தேடிப் புறப்படுகிறது. மை நிரப்பிய பேனா போல. குமிழின் முனை ஊசியாக நீளும். அந்த ஊசியின் வளைவும் தடிமனும் நெருங்கிய உறவுள்ள இனங்களுக்கிடையிலும் வேறுபடும். பெண்ணின் உடலுக்குள் விந்தைச் சேமிக்கும் பைகளும் அப்படியே. இவை முழு வடிவம் பெறுவது பருவம் எய்திய பிறகுதான் என்பதால், குஞ்சு ஒன்று மட்டும் கிடைத்தால் தேர்ந்த நிபுணரும் பல வேளைகளில் இனம் சொல்ல முடியாமல் தவிப்பார்.

டரான்டுலாப் பெண்ணிடம் ஓர் அருமையான வசதி உண்டு. பருவம் அடைந்த பின்னும் அது ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, தோலுரித்துக்கொண்டே இருக்கும். உரியும்போது அந்த விந்துப்பையின் உட்தோலும் சேர்ந்து கழன்று வருகிறது. கைவிட்ட சட்டையை ஈரமாக்கி விரித்துப் பார்த்தால், சிலந்தியைக் கொல்லாமலே அதன் உள்ளுறுப்பின் வடிவம் கண்ணுக்குத் தெரியும். இயற்கை இவ்வளவு கருணையோடு தடயம் விட்டுச்செல்வது அபூர்வம்.

இவற்றோடு இப்போது மரபணுவையும் படிக்கிறார்கள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் இழைமணியில் உள்ள ஒரு மரபணுவிலிருந்து சுமார் 650 எழுத்துகள் கொண்ட துண்டை எடுத்து, உறவினங்களின் துண்டுகளோடு ஒப்பிடுகிறார்கள். உதவியான சாட்சிதான். ஆனால் நூறாண்டுக்கு முன்பு விவரிக்கப்பட்ட பல இனங்களுக்கு ஒப்பிட அந்தத் துண்டே கிடையாது. அப்போது அருங்காட்சியகத்தின் சாராயக் குப்பியில் இருக்கும் பழைய உடலைத்தான் பார்த்தாக வேண்டும்.

அதனால்தான் விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதி, ஒவ்வொரு புதிய இனத்துக்கும் ஒரு ‘மூல மாதிரி’யைக் குறித்தாக வேண்டும் என்கிறது. பெயர் அந்த ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்கும். நாளை யாருக்காவது சந்தேகம் வந்தால் அவர் அந்தக் குப்பியைத் திறந்து பார்க்கலாம்.

நீலத்துக்கு வருகிறேன். இந்தச் சிலந்தியில் நீலச் சாயம் எதுவும் இல்லை. மயிர்களுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நீல அலைகள் மட்டும் கைகோத்து வலுக்கின்றன. மயில் தோகையின் நிறமும் சோப்புக் குமிழியின் நிறமும் இதே வழியில் பிறப்பவைதான். அடுக்குகளின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். அது சற்று மாறினாலும் நிறம் மாறும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, டரான்டுலாக்களிடையே நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று காட்டியது. அதைத் தரும் கட்டமைப்புகள் வேறுபட்டிருந்தன. வந்து சேர்ந்த நீலமோ ஏறத்தாழ ஒன்று, 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது. இரவில் நடமாடும் விலங்குக்கு இந்த அழகு எதற்கு? 2020இல் மற்றொரு குழு, டரான்டுலாக்களிடம் நிறத்தை உணரும் புரதங்களுக்கான மரபணுக்கள் செயல்படுகின்றன என்று கண்டது. அவை ஒன்றையொன்று நீலமாகவே பார்க்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். வென்ற நிறுவனத்தின் நிர்வாகிகள் இருவரின் பெயர்கள் இணைந்து நடானிச்சாரம் ஆயின. கிடைத்த தொகை, வட தாய்லாந்தின் லாஹு மக்களுடைய பிள்ளைகளின் படிப்புக்கும் புற்றுநோயாளிகளின் உதவிக்கும் போனது. ஏலத்தில் பெயரா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு; எனக்கு அதில் குறை தெரியவில்லை. பெயரே இல்லாத உயிரைச் சட்டத்தால் காக்க முடியாது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பொய்சிலோதீரியா டரான்டுலாக்கள் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர முடிந்தது, அவற்றுக்குப் பெயரும் விவரிப்பும் இருந்ததால்தான்.

பசுமைமாறாக் காட்டில் இந்த நீலச் சிலந்தி தரையில் வளை தோண்டியும் மரத்தில் ஏறியும் வாழ்கிறது. அலையாத்திக் காட்டில் அதற்கு மரப்பொந்து ஒன்றுதான் கதி. அந்த மரம் வெட்டப்பட்டால் கீழே சேற்றில் அது வளை தோண்ட முடியாது. அங்கே நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி வருகிறது.